கனடா பருப்பில் சாம்பார்

உ

ஸ்கார்பரோ, டொராண்டோ, கனடா
16.11.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பா எழுதுவது. நாங்கள் நால்வரும் நலம். உங்கள் முட்டிவலியும் அம்மாவின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள். போனில் கேட்டால் இரண்டு பேரும் "நல்லாத்தான் இருக்கோம்" என்று ஒரே மாதிரி சொல்கிறீர்கள்.

போன வாரம் பேசும்போது, "கடை வாடகைப் பணம் சும்மாதான பேங்கில கெடக்கு, அனுப்பட்டுமா?" என்று கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வைத்த பிறகு மனசு ஒரு மாதிரியாகிவிட்டது. நாற்பது வருஷம் மளிகைக்கடை கல்லாவில் உட்கார்ந்தவரிடம் "எல்லாம் சமாளிக்கிறோம்ப்பா" என்று வாயால் சொன்னால் போதுமா? கணக்கைக் காட்டினால்தானே நம்புவீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பக்கத்தில் அம்மா காதில் விழும், அப்புறம் அழுகை.

முதலில் நீங்கள் எப்போதும் கேட்கும் அரிசி விலை. இட்லி அரிசி 20 பவுண்டு மூடை, அதாவது ஒன்பது கிலோ சொச்சம், நாங்கள் வந்த புதிதில் 17 டாலர். 2023 ஜூலையில் இந்தியா பச்சரிசி ஏற்றுமதியைத் தடை செய்ததே, அந்த வாரம் இங்கே தமிழ்க் கடையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு மூடைதான் என்று எழுதி ஒட்டினார்கள். தடை புழுங்கலரிசிக்குக் கிடையாது என்று உங்கள் மகளுக்குத் தெரியாதா? வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள், இரண்டையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே புழுங்கலுக்கும் 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டதும், அள்ளினவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். 2024 செப்டம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள். விலை கொஞ்சம் இறங்கியது, ஆனால் பழைய 17-க்கு வரவே இல்லை. ஏறுவதற்கு ஒரு நாள், இறங்குவதற்கு ஒரு வருஷம் என்று நீங்கள் எண்ணெய் விலையைச் சொல்வீர்களே, அதேதான்.

எங்கள் நேரம், நாங்கள் வந்து இறங்கியதே 2022 செப்டம்பர். அந்த மாதம் இந்த நாட்டில் மளிகை விலை முந்தைய வருஷத்தைவிட 11.4 சதவீதம் ஏறியிருந்தது. 1981-க்குப் பிறகு அவ்வளவு வேகமாக ஏறியதே இல்லையாம். எங்களுக்கு அது தெரியாது. இந்த ஊரில் விலையே இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டு முதல் மாதம் தக்காளியைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தோம். இப்போது பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் வாசிக்கிறார்கள். ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது, ஏறியது ஏறியதுதான்.

நீங்கள் ஒரு தப்பு செய்கிறீர்கள் அப்பா. நான் எந்த விலை சொன்னாலும் உடனே 63-ஆல் பெருக்கி, "ஒரு முருங்கைக்காய்க்கா?" என்று பதறுகிறீர்கள். நானும் ஆறு மாதம் அப்படித்தான் பெருக்கிக்கொண்டிருந்தேன். பெருக்கினால் எதையும் தின்ன முடியாது. இப்போது மணிக்கணக்கில் பார்க்கிறேன். பிஸ்கட் பேக்கிங்கில் எனக்குக் குறைந்தபட்சக் கூலிதான், போன மாதத்திலிருந்து மணிக்கு 17 டாலர் 60 சென்ட். நம் விருதுநகர் இதயம் நல்லெண்ணெய் ஒரு லிட்டர் வாங்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் பெல்ட் முன்னால் நிற்க வேண்டும். அதனால் நல்லெண்ணெய் சனிக்கிழமைக்கும் ஊறுகாய்க்கும் மட்டும். மற்றதற்கெல்லாம் இங்கே விளையும் கனோலா எண்ணெய். மணமும் இல்லை, குணமும் இல்லை. விலை மட்டும் உண்டு, அதுவும் குறைவு.

இனி பருப்புக் கதை. இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

ரேஷனில் துவரம்பருப்புக்குப் பதிலாக 30 ரூபாய்க்குக் கனடா பருப்பு போட்டார்களே, நினைவிருக்கிறதா? அம்மா ஒரு தடவை வைத்தாள். நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது பருப்பா, பசையா? போஸ்டர் ஒட்டலாம்" என்று தட்டைத் தள்ளினீர்கள். கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தீர்கள். அந்தப் பருப்பு விளைகிற நாட்டில் வந்து விழுந்திருக்கிறேன். சஸ்காச்சுவன் என்று ஒரு மாகாணம், பட்டாணியும் மைசூர் பருப்பும் கண்ணுக்கெட்டிய தூரம் விளையுமாம். அங்கேயிருந்து நம் தூத்துக்குடிக்குக் கப்பல் ஏறுகிறது. துவரை இங்கே விளையாது, அது கடல் தாண்டி வந்தாக வேண்டும். ஆக, மைசூர் பருப்பு ஒரு பை வாங்கும் காசுக்குத் துவரையில் பாதிப் பைதான் கிடைக்கும்.

போன வருஷம் ஒரு நாள் துணிந்து மைசூர் பருப்பில் சாம்பார் வைத்தேன். வேகுமுன் செங்கல் நிறத்தில் இருக்கிறது, கொதி வந்ததும் மஞ்சளாகிவிடுகிறது. குக்கரே வேண்டாம், பதினைந்து நிமிஷத்தில் கரைந்துபோகிறது. கரைவதுதான் தொல்லை. சாம்பார் கஞ்சி மாதிரி வந்தது. உங்கள் மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, கரண்டியைத் தூக்கிப் பிடித்து அது வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நாலைந்து தடவை மாற்றி மாற்றிச் செய்து ஒரு பக்குவம் பிடித்தேன். மூன்று பங்கு மைசூர் பருப்புக்கு ஒரு பங்கு துவரை. துவரையைத் தனியாக வேகவைத்துக் கடையாமல் கடைசியில் சேர்க்க வேண்டும். பெருங்காயம் ஒரு சிட்டிகை கூட. புளி கொஞ்சம் தூக்கலாக. இப்போது யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. ரசத்துக்கு மட்டும் சுத்தத் துவரைதான், தெளிவு வேண்டுமே. 2015-ல் துவரை கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது நீங்கள் நூறு நூறு கிராமாகப் பொட்டலம் கட்டி வைத்தது ஞாபகம் வந்து, நானும் துவரையைச் சின்ன டப்பாவில் பிரித்து வாரக் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் அடுத்து இங்கே வரும்போது இந்தச் சாம்பாரைத்தான் ஊற்றுவேன். முன்கூட்டியே சொல்லமாட்டேன் என்று நினைத்திருந்தேன், இப்போது எழுதிவிட்டேன்.

வாரத்துக்கு 160 டாலர். அதற்கு மேல் மளிகைக்குக் கிடையாது. ஒவ்வொரு டிசம்பரிலும் இங்கே சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அடுத்த வருஷ உணவுச் செலவைக் கணித்துச் சொல்கின்றன. 2025-க்கு நால்வர் குடும்பத்துக்கு 16,833 டாலர் வரை ஆகும் என்றார்கள். நாங்கள் அதில் பாதியில் ஓட்டுகிறோம். சைவமாக மாறவில்லை, பயப்படாதீர்கள். வாரம் ஒரு நாள் கோழி உண்டு, தொடையும் காலும் பெரிய பேக்காகத் தள்ளுபடியில் வரும்போது. ஆட்டுக்கறி தீபாவளிக்குத்தான்.

வியாழக்கிழமைதோறும் புதுத் தள்ளுபடி நோட்டீஸ் வரும், அடுத்த புதன்வரை செல்லும். எல்லாக் கடை நோட்டீஸும் போனிலேயே கிடைக்கிறது. புதன் ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் உங்கள் பற்று வரவு நோட்டு மாதிரி ஒரு நீள நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். சில கடைகளில் இன்னொரு கடையின் நோட்டீஸைக் காட்டினால் அந்த விலைக்கே கொடுத்துவிடுவார்கள். நம் ஊரில் "எதுத்த கடையில இந்த விலைக்குத் தர்றானே" என்றால் "அப்ப அங்கயே வாங்கிக்க" என்பீர்கள். இங்கே அதையே சட்டமாக வைத்திருக்கிறார்கள்! ஒவ்வொரு பொருளாகக் காட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். முதல் தடவை வெட்கத்தில் பாதியிலேயே போனை மூடிவிட்டேன். இப்போதெல்லாம் திரும்பியே பார்ப்பதில்லை.

விலைப் பலகையில் ஒரு தந்திரம் இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும். தக்காளி 1.99 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது ஒரு பவுண்டுக்கு. கீழே எறும்பு மாதிரி 4.39 என்று எழுதியிருப்பதுதான் கிலோ விலை. எடைக்கல்லில் ஏமாற்றினால் லேபர் ஆபீஸர் வருவார் என்று பயந்த காலத்து ஆள் நீங்கள். இங்கே யாரும் எடையில் ஏமாற்றவில்லை, நம் கண்ணைத்தான் நம்பி இருக்கிறார்கள். பாஸ்தா பாக்கெட் ஒரு கிலோ என்று எடுத்தால் 900 கிராம்.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் ஒரு கடையில் நிலக்கடலை 3.99 என்று அலமாரியில் போட்டிருந்தது. பில்லில் 5.49 விழுந்தது. சின்னவன் வேறு கையைப் பிடித்து இழுக்கிறான். பேசாமல் போயிருப்பேன். ஆனால் வெளியே வந்து பில்லைச் சரிபார்த்தபோது, "பில்லப் பாக்காம நடையத் தாண்டாத" என்று நீங்கள் வாடிக்கையாளரிடமே சொல்வது காதில் கேட்டது. திரும்பிப் போனேன். என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியுமே, நடுக்கத்தில் விலையைத் தலைகீழாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் என்னோடு அலமாரிவரை நடந்து வந்து பார்த்தாள், பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தாள், கடலையையும் வைத்துக்கொள்ளச் சொன்னாள். விலை மாறி விழுந்தால் சின்னப் பொருளை இனாமாகக் கொடுக்க வேண்டும் என்று பெரிய கடைகள் பலவும் தாமாகவே ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கின்றனவாம். வீடு வரும்வரை பையன் அந்தக் கடலையை ஏதோ பரிசு வாங்கினது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். அன்று ராத்திரி கடலைச் சட்னி.

ரொம்ப நல்லவர்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். ரொட்டி விலையைப் பதினான்கு வருஷம், 2001 முதல் 2015 வரை, கூடிப் பேசி ஏற்றியதாக இந்த நாட்டின் மிகப் பெரிய மளிகை நிறுவனமே 2017-ல் ஒப்புக்கொண்டது. ஜனங்களுக்கு ஆளுக்கு 25 டாலர் அட்டை கொடுத்தார்கள். விருதுநகரில் சிண்டிகேட் போடுகிறார்கள் என்று நீங்கள் திட்டுவீர்களே, அவர்கள் இவர்களிடம் பாடம் படிக்கலாம்.

வரி விஷயமும் ஒரு வேடிக்கை. அரிசி, பருப்பு, காய், பால் எதற்கும் வரி இல்லை. முறுக்கு, மிக்சருக்கு 13 சதவீதம். டோனட் ஐந்து வாங்கினால் வரி, ஆறு வாங்கினால் வரி இல்லை. ஆறு என்றால் வீட்டுச் சாப்பாடு, ஐந்து என்றால் நொறுக்குத்தீனி என்று கணக்குப் போலிருக்கிறது. கோயம்புத்தூரில் பன்னுக்கு வரியில்லை, அதில் கிரீம் வைத்தால் வரி என்று பேசினார்களே, அப்போது நீங்கள் எனக்கு அனுப்பிய வீடியோவை இந்த டோனட்டோடு சேர்த்துத்தான் பார்த்தேன்.

இனிமேல் எழுதுவதை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

பிப்ரவரியில் பனி கொட்டிய சமயம் மாப்பிள்ளைக்குக் கிடங்கில் ஆறு வாரம் வேலை பாதியாகிவிட்டது. வாடகையைக் கட்டியதும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் பணம் மாதம் 20-ஆம் தேதி வாக்கில்தான் வரும். இரண்டு தடவை உணவு வங்கிக்குப் போனேன், கஷ்டப்படுகிறவர்களுக்கு மளிகையை இலவசமாகக் கொடுக்கும் இடம். பக்கத்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடத்துகிறார்கள். வாசலில் பத்து நிமிஷம் நின்றேன், எனக்குத் தெரிந்த முகம் ஏதாவது இருக்குமோ என்று. இருந்தது. என் பேக்கிங் லைனில் எதிரே நிற்கும் பெண். அவள் என்னைப் பார்த்ததும் கையாட்டி, "முட்டை தீரப்போகுது, சீக்கிரம் வா" என்றாள். டொராண்டோவில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் இப்படிப் போகிறார்களாம், வேலையில் இருப்பவர்களும் சேர்த்துத்தான். பெயரும் வீட்டில் எத்தனை பேர் என்பதும் கேட்டார்கள். முட்டை, கடலை வெண்ணெய், கொண்டைக்கடலை டின், காரட், அப்புறம் ஒரு பை பருப்பு கொடுத்தார்கள். என்ன பருப்பு என்று கேட்கவே வேண்டாம்.

மாசக் கடைசியில் சிட்டை இல்லாமல் வருகிறவர்களுக்கு நீங்கள் மற்றவர்கள் போன பிறகு பொட்டலம் கட்டிக் கொடுப்பீர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் தராசைப் பார்த்தபடியே கொடுப்பீர்கள். அது ஏன் என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. மார்ச்சில் வேலை பழையபடி ஆனது. அதற்குப் பிறகு நான் போகவில்லை. இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே போய்க் காரட் பொறுக்கிப் பை கட்டிக் கொடுக்கிறேன். பொட்டலம் கட்டுவதில் என் வேகத்தைப் பார்த்து அவர்களுக்கே ஆச்சரியம்.

ஆக, கடை வாடகைப் பணத்தை அனுப்பாதீர்கள். அதில் உங்கள் முட்டிக்கு மதுரை டாக்டரைப் பாருங்கள். இந்த மாதக் கணக்கில் 38 டாலர் மீதி இருக்கிறது, நோட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன், கூட்டிப் பாருங்கள். தப்பு இருந்தால் சிவப்பு மையில் சுழியுங்கள், முன்பு என் கணக்கு நோட்டில் செய்தது போல.

ஜனவரியில் சித்தப்பா மகன் ஊரிலிருந்து திரும்புகிறான். அவனிடம் அரைக் கிலோ முண்டு வத்தல் கொடுத்தனுப்புங்கள். காம்பு கிள்ளாமல், வெயிலில் இரண்டு நாள் போட்டு எடுத்தது. பருப்பு வேண்டாம், அவனுக்கு எடை போய்விடும். அம்மா கருப்பட்டி வைக்கப் பார்ப்பாள், ஒரு வட்டு போதும் என்று சொல்லுங்கள்.

பெரியவள் உங்களுக்கு ஒரு படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறாள். தராசு என்று சொன்னாள். எனக்கு ஊஞ்சல் மாதிரிதான் தெரிகிறது.

இப்படிக்கு
உங்கள் பாப்பா

பி.கு.: பேப்பரில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் வந்தால் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். அங்கே துவரை இறங்குவது இங்கே கடையில் தெரிய இரண்டு மாதமாவது ஆகிறது. முன்னாலேயே தெரிந்தால் இப்போது வாங்காமல் காத்திருப்பேன்.