வெள்ளிக்கிழமை அழுக்குச் சட்டையோடு வரும் பிள்ளைகளைப் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

போன வாரம் ஓர் அம்மா பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, "படிக்க அனுப்பினா புள்ளைய மண்ணு வெட்ட விடுறீங்களாமே சார்?" என்று கேட்டார். கேட்டது நல்லதுதான். மனசுக்குள் நினைத்துக்கொண்டு கேட்காமல் போனவர்கள் எத்தனை பேரோ! அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஆமாம், வெட்டச் சொன்னோம். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடுகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் தோட்டம், உரக்குழி, மழைநீர், தையல் என்று முறைவைத்துச் செய்கிறார்கள். ஆசிரியர்களும் கூடவே செய்கிறோம். கழிப்பறை கழுவுவது, யாருக்காவது எடுபிடி வேலை பார்ப்பது எல்லாம் இதில் கிடையாது. இன்னார் வீட்டுப் பிள்ளைக்கு இன்ன வேலை என்று பிரிப்பதும் கிடையாது. அப்படி ஏதாவது காதில் விழுந்தால் நேரே என்னிடம் வாருங்கள். விளையாட்டுப் பீரியடிலும் கை வைக்கவில்லை. அதைக் கடன் கேட்கும் கணக்கு ஆசிரியரிடமிருந்து காப்பாற்றுவதே பெரும்பாடு.

உரக்குழி விஷயத்தில் போன வருஷம் நாங்கள் மூக்குடைபட்டோம். சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோலையும் மிச்சச் சோற்றையும் அப்படியே குழியில் கொட்டினோம். நாலாம் நாள் புழு, ஊரே முகம் சுளிக்கும் நாற்றம். சத்துணவு அமைப்பாளர் வந்து திட்டிவிட்டுப் போனார். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன்தான், "உள்ள காத்தே போகல சார்" என்றான். நுண்ணுயிரிப் பாடத்தைப் பல வருஷமாக நடத்தும் எனக்கு அது தோன்றவில்லை. அப்புறம் ஈரக் கழிவு ஒரு கூடை என்றால் காய்ந்த சருகு மூன்று கூடை என்று மாற்றினோம். பிழிந்த துணி அளவுக்கு ஈரம், வாரம் ஒருமுறை கிளறல். சோற்றை நிறுத்திவிட்டோம். மூன்று மாதத்தில் கறுப்பாக, உதிரி உதிரியாக, மழை பெய்த மண்வாசனையோடு உரம் வந்தது. முன்பெல்லாம் கூட்டிக் கொளுத்திய வேப்பஞ்சருகை இப்போது யாரும் எரிப்பதில்லை.

அடுத்தது மொட்டைமாடி. 2003இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது நம் பள்ளியிலும் குழாய் போட்டார்கள். பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குழாய் உடைந்து, மழைநீர் இறங்கும் குழி தூர்ந்துபோனது. எட்டாம் வகுப்பு மாடியை அளந்தது: 20 மீட்டருக்கு 6 மீட்டர், 120 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். வடகிழக்குப் பருவமழையில் மாநிலச் சராசரி சுமார் 440 மி.மீ. ஆவியாவது, சிந்துவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 42,000 லிட்டருக்கு மேல் வருகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் மூன்றரை லோடு! கோடையில் நாம் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான். ஐப்பசிக்குள் குழாயைச் சரிசெய்து, குழியைத் தூர்வாரி, கூழாங்கல்லும் மணலும் நிரப்ப வேண்டும். குழாய் வேலை தெரிந்த அப்பாக்கள் நம்மிடையே இருக்கிறீர்கள். ஒரு நாள் வந்து பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள்.

தையல் பற்றி ஒரு வரி. பையனுக்கு எதற்கு ஊசி நூல் என்று சிலர் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். நம்மூர் டெய்லர் கடைகளில் உட்கார்ந்திருப்பது யாராம்?

இன்னொரு உதவியும் வேண்டும். ஆடி பிறக்க இரண்டு வாரம்தான் இருக்கிறது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். விதையை எடுத்துவைக்க அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் அரைகுறைதான். பூசணி விதையைச் சாணத்தில் பதித்து வரட்டியாகச் சுவரில் தட்டுவதும், கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி வைப்பதும் உங்கள் வீட்டுப் பாட்டிகளுக்குத்தான் கைவந்தது. அவர்களை அழைத்து வாருங்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டுக்கொள்கிறோம். நாட்டு வெண்டை, அவரை, பீர்க்கை விதை இருந்தால் ஒரு பிடி கொடுங்கள். கடையில் வாங்கிய ஹைப்ரிட் வேண்டாம். அதன் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு வேப்பமரத்தடியில் கூடுவோம். மழைநீர்க் குழியில் இறங்க நினைப்பவர்கள் பழைய துணியில் வாருங்கள். மண்வெட்டி பள்ளியில் மூன்றுதான் இருக்கிறது. இருப்பவர்கள் கொண்டுவந்தால் நல்லது, காம்பில் பெயர் எழுதிவிடுங்கள். போன தடவை ஒன்று மாறிப்போய்ப் பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்