மூன்று பேருக்கு நடுவே விழுந்த பந்து

ஸ்கிராண்டன், பென்சில்வேனியா
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்புள்ள கலெக்டருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு லேசாயிற்று. பேத்திக்கு நம் கல்லூரி நாடகத்துக் கலெக்டர் வசனத்தைப் பேசிக் காட்டப் போய் அவள் பயந்து அழுதுவிட்டாள் என்று எழுதியிருந்தாயே, அதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நாற்பது வருஷம் கழித்தும் உனக்கு அந்த வசனம் மறக்கவில்லை. எனக்கு அந்த வசனத்துக்கு எந்த லைட் என்பது மறக்கவில்லை.

பதில் போடத் தாமதமானதற்கும் லைட்தான் காரணம். சிரிக்காதே. எங்கள் பக்கத்து நூலகத்தில் சின்னதாக ஒரு நாடகக் குழு இருக்கிறது. ஆறேழு பேர், வேலைக்குப் போய்வந்து ராத்திரி ஒத்திகை பார்க்கிறவர்கள். புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போனபோது 'லைட்டுக்கு ஆள் தேவை' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ரிட்டயர் ஆனவனுக்கு வீட்டில் என்ன வேலை? பெயர் கொடுத்துவிட்டேன். போன சனிக்கிழமை அரங்கேற்றம். அறுபது நாற்காலி போட்டோம், ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள்.

ஓராள் நாடகம். அந்த ஓராள் கிறிஸ்டி மேத்யூசன். நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். இந்த ஊருக்கு வரும்வரை நானும் கேள்விப்பட்டதில்லை. பேஸ்பால் ஆட்டக்காரர், பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர். 1880இல் பிறந்தவர். பிறந்த ஊர் ஃபேக்டரிவில், இங்கிருந்து காரில் அரைமணி நேரம். 1900 முதல் 1916 வரை நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்குப் பந்து வீசினார். மொத்தம் 373 வெற்றி. அதில் ஒன்றே ஒன்றுதான் கடைசியில் சின்சினாட்டி அணிக்குப் போன பிறகு கிடைத்தது. 1905 உலகத் தொடரில் (அந்த வருஷத்துச் சாம்பியன் யார் என்று முடிவு செய்கிற தொடர்) ஆறே நாளில் மூன்று ஆட்டம் முழுசாக வீசி, மூன்றிலும் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்க விடவில்லை. 27 இன்னிங்ஸில் ஒரே ஒருவருக்குத்தான் 'வாக்' (தப்பாக வீசி, அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்க விடுவது) கொடுத்தார். பேஸ்பால் தெரிந்தவர்களிடம் இதைச் சொல்லிப் பார், ஒரு நிமிஷம் பேச்சு நின்றுவிடும்.

அவருடைய ஆயுதத்துக்கு 'ஃபேட்அவே' என்று பெயர். நம் கிரிக்கெட் பாஷையில் சொன்னால் கூக்ளி மாதிரி. வலது கை பிட்சரின் வளைந்த பந்து வலது கை பேட்டரை விட்டு வெளியே போக வேண்டும். இவருடையது உள்ளே திரும்பும். மணிக்கட்டை அநியாயத்துக்கு முறுக்கிப் போட வேண்டும் என்பதால், ஒரு ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவைக்கு மேல் போட மாட்டாராம். எங்கள் நடிகருக்கு (ஆறடிக்கு மேல் உயரம், பள்ளியில் சரித்திர வாத்தியார்) அந்த முறுக்கலைக் கற்றுக்கொள்ளவே இரண்டு வாரம் ஆனது. மேடையில் பந்து கிடையாது, வெறும் கைதான். விரல்கள் இல்லாத பந்தைப் பிடித்து, உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பும்போது முன்வரிசையில் ஒரு பெரியவர் தன் மடியில் கையை வைத்துக்கொண்டு அதே மாதிரி திருப்பிப் பார்த்தார். லைட் பெட்டியிலிருந்து எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

மேத்யூசனை மேடை ஏற்றியதில் நாங்கள் முதல் ஆட்கள் இல்லை. எடி ஃப்ரியர்சன் என்ற நடிகர் தானே எழுதி, தானே மேத்யூசனாக நடித்து, 1996இல் நியூயார்க்கில் ஆஃப்-பிராட்வேயில் (பிராட்வேயைவிடச் சின்ன அரங்குகள்) போட்டிருக்கிறார். எங்களுடையதை அதோடு ஒப்பிட்டால் பாவம், எங்களுடையது ஐம்பது நிமிஷம்தான். வேடிக்கை என்னவென்றால் மேத்யூசனே மேடை ஏறியவர். 1910இல் தன் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கிறவர்) சீஃப் மேயர்ஸைக் கூட்டிக்கொண்டு வாடவில் என்ற பல்சுவை நிகழ்ச்சிக் கொட்டகையில் நடித்தார். அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு மழைக்காலக் கூலி மாதிரி அது, பனிக்காலத்தில் கொட்டகைக்காரர்கள் கூப்பிட்டுக் காசு கொடுப்பார்கள். 1913இல் ரீடா ஜான்சன் யங் என்ற நாடக ஆசிரியையோடு சேர்ந்து பிராட்வே நாடகம் ஒன்றில் பெயரும் போட்டுக்கொண்டார். அது சீக்கிரமே படுத்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஒத்திகையிலேயே எனக்கு ஒரு சந்தேகம். இந்த மனுஷன் ரொம்ப நல்லவர். பக்னெல் கல்லூரியில் வகுப்புத் தலைவர், பாட்டுக் குழு, இலக்கியச் சங்கம். பேஸ்பால்காரன் என்றால் குடிகாரன், முரடன் என்று ஓட்டலில் அறை கொடுக்கத் தயங்கிய காலத்தில், அம்மாக்கள் பிள்ளைகளுக்குக் காட்டிய உதாரணம் இவர். ஞாயிற்றுக்கிழமை பந்து வீச மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். (நியூயார்க்கில் ஞாயிறு பேஸ்பாலுக்கு 1919 வரை சட்டமே அனுமதி தரவில்லை. ஆகவே சொந்த ஊர் மைதானத்தில் அந்த வாக்கைக் காப்பாற்ற ரொம்பச் சிரமம் இருந்திருக்காது என்று நான் சொன்னேன். இயக்குநர் அம்மா முறைத்தார்.) செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டத்தில் ஒரே நேரத்தில் பலரோடு மோதி ஜெயிப்பார். சரி, இவரை வைத்துக்கொண்டு மேடையில் என்ன செய்வது? வில்லனுக்கு வசனம் தானாக வரும், நீ கலெக்டராக வாழ்ந்தவன், உனக்குத் தெரியாததா. நல்லவனுக்கு என்ன வரும்?

பற்றாததற்கு, அவர் யாரைப் பற்றியும் குறை சொல்லாத ஆள் என்று பெயர். ஓராள் நாடகத்திலோ அந்த ஒருவர் பேசியே தீர வேண்டும். பேசாத ஆளை ஐம்பது நிமிஷம் பேச வைக்கிற வேலை இது.

இதற்கு நாடகம் கண்டுபிடித்த பதில் 1912, அக்டோபர் 16. பாஸ்டன் ஃபென்வே பார்க், உலகத் தொடரின் கடைசி ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். ஜயன்ட்ஸ் 2-1 என்று முன்னே இருக்கிறார்கள், மேத்யூசன் வீசுகிறார். முதல் ஆள் அடித்த பந்து உயரப் போய் நேராக சென்டர் ஃபீல்டில் நிற்கும் ஸ்னாட்கிராஸ் கைக்கு வருகிறது. எல்.கே.ஜி. பையன் பிடித்துவிடுவான். விட்டுவிட்டார். அடுத்த ஆள் அடித்தபோது அதே ஸ்னாட்கிராஸ் ஓடிப்போய்ப் பிடிக்கவே முடியாத பந்தைப் பிடித்தார், அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. 1974இல் அவர் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் தலைப்பிலேயே அந்த விட்டுப்போன பந்தைப் போட்டது. அறுபத்திரண்டு வருஷம், பார்த்துக்கொள்.

ஆனால் நாடகம் நிற்கிற இடம் அது இல்லை. அதற்குச் சற்றுப் பின்னால் பாஸ்டன் அணியின் ட்ரிஸ் ஸ்பீக்கர் ஒரு பந்தைத் தூக்கிவிட்டார். முதல் பேஸ் பக்கம், கோட்டுக்கு வெளியே, சாதாரணமான கேட்ச். ஜயன்ட்ஸின் முதல் பேஸ்காரர் மெர்க்கிள் பக்கத்தில் நிற்கிறார். கேட்சர் மேயர்ஸ் தூரத்திலிருந்து ஓடி வருகிறார், நடுவில் மேத்யூசன். பிட்சர்தான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மேத்யூசன் மெர்க்கிளைக் கூப்பிடாமல் மேயர்ஸைக் கூப்பிட்டார் என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் கதை. ஸ்பீக்கரே கூவிக் குழப்பினார் என்பாரும் உண்டு. எப்படியோ, மூன்று பேருக்கு நடுவே பந்து தொப்பென்று தரையில் விழுந்தது. பிழைத்த ஸ்பீக்கர் அடுத்து அடித்தார், ஆட்டம் சமன். கொஞ்ச நேரத்தில் 3-2 என்று முடிந்தும்விட்டது.

இதை ஒரே ஆள் எப்படிச் செய்வது? நான் மூன்று ஸ்பாட் போட்டுத் தருகிறேன் என்றேன், மூன்று பேர் நிற்கிற இடத்துக்கு மூன்று வட்டம். காகிதத்தில் படம்கூடப் போட்டுக் கொண்டுபோனேன். ஒரே ஒத்திகையில் அது செத்துவிட்டது. சனம் வட்டங்களைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. கடைசியில் வாத்தியார் செய்தது இவ்வளவுதான்: தலையை நிமிர்த்திப் பந்தைப் பார்த்தார். பார்வை மெல்ல இறங்க, இடது பக்கம் மெர்க்கிள் இருக்கிற இடத்தை ஒரு கணம் பார்த்தார். வாய் திறந்தது. 'சீஃப்!' என்று எதிர்ப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். அப்புறம் கண் மட்டும் தரைக்குப் போயிற்று. லைட்டை நான் தொடவேயில்லை, ஒரே வெள்ளை வெளிச்சம். ஐம்பத்திரண்டு பேரும் ஒன்றுமே இல்லாத ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெர்க்கிளை ஏன் கூப்பிடவில்லை? வசனத்தில் பதில் இல்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. 1908இல் பத்தொன்பது வயதில் இரண்டாவது பேஸைத் தொடாமல் திரும்பி, ஜெயித்த ஆட்டம் செல்லாமல் போகக் காரணமானவன் என்று ஊரெல்லாம் திட்டு வாங்கியது இதே மெர்க்கிள்தான். அந்த ஆட்டத்திலும் பந்து வீசியவர் மேத்யூசன். அந்த ஒரு கணத்துத் தயக்கத்தில் இதெல்லாம் இருந்ததா, வெறும் அவசரமா, அது பார்க்கிறவர் பாடு.

இவ்வளவு நன்றாகச் செய்தவர்கள் ஒரு பெரிய இடத்தைக் கோட்டைவிட்டார்கள், அதில்தான் எனக்குச் சண்டை. ஹால் சேஸ் என்று ஓர் ஆட்டக்காரர், காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விடுகிறவர் என்று பேர் எடுத்தவர். மேத்யூசன் சின்சினாட்டி மேனேஜராக இருந்தபோது, 1918 ஆகஸ்டில், அந்த ஆளை அணியிலிருந்து நிறுத்தி வைத்தார். யாரையும் குறை சொல்லாதவர் வாய் திறந்து குற்றம் சாட்டிய இடம் இது. ஆனால் விசாரணை நடந்தபோது மேத்யூசன் பட்டாளத்தில் கேப்டனாக பிரான்ஸில் இருக்கிறார். சாட்சி போதாது என்று சேஸ் தப்பிவிட்டார். உடனே அவரைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்ட அணி எது தெரியுமா? ஜயன்ட்ஸ். எடுத்தவர் அந்த அணியின் மேனேஜர் ஜான் மெக்ரா. மேத்யூசனுக்குக் கல்யாணமான புதிதில் இரண்டு குடும்பமும் ஒரே ஃபிளாட்டில் குடியிருந்தன, அவ்வளவு நெருக்கம். பிரான்ஸிலிருந்து திரும்பிய மேத்யூசன் 1919இல் அதே மெக்ராவிடம் உதவி கோச்சாகச் சேர்ந்தார். தன்னால் திருடன் என்று குற்றம் சாட்டப்பட்டவனும் தன் உயிர் நண்பனும் இருக்கிற அதே டக்அவுட்டில் (மைதான ஓரத்தில் அணி உட்காருகிற இடம்) போய் உட்கார்ந்தார்.

டேய், நல்லவனை வைத்து என்ன நாடகம் போடுவது என்று கேட்டேனே, இதோ கிடக்கிறது நாடகம்! ஒத்திகையில் சொல்லிப் பார்த்தேன், 'நேரம் இல்லை' என்றார்கள். அதற்குப் பதில் 1919 உலகத் தொடர் சூதாட்டத்தை (காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்ற கதை) பத்து நிமிஷம் விளக்கோ விளக்கென்று விளக்கினார்கள். நிருபர் ஹியூ ஃபுல்லர்டன் பக்கத்தில் மேத்யூசன் உட்கார்ந்து, ஆட்டத்தில் சந்தேகம் தரும் இடங்களைக் குறித்துக் கொடுத்தது உண்மைதான். ஆனால் மேடையில் அது பாடம் நடத்துகிற மாதிரி ஆகிவிட்டது. பின்வரிசையில் இரண்டு பேர் போனை எடுத்தார்கள், வெளிச்சம் எனக்குத் தெரிகிறது.

கடைசிக் காட்சி சாரனாக் லேக், காசநோய் வந்த மேத்யூசன் சிகிச்சைக்குப் போன ஊர். மேடையில் சாமான் என்று இருந்தது ஒரே ஒரு நாற்காலிதான். அதுவரை டக்அவுட் பெஞ்சு, ரயில் இருக்கை எல்லாம் அதுவே. இப்போது அது காசநோய்க்காரர்கள் நாள் முழுக்க வெளித்திண்ணையில் குளிர்காற்றில் படுத்துக் கிடந்த சாய்வு நாற்காலி. பிரான்ஸில் பயிற்சியின்போது விஷவாயு உள்ளே போனதாக டை காப் என்ற இன்னொரு ஆட்டக்காரர் பிற்காலத்தில் சொன்னார். அதனால்தான் நோய் என்பது ஊர்ப்பேச்சு. தம்பி ஹென்றி 1917இலேயே காசநோயில் போனவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாடகம் இரண்டையும் சொல்லிவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் விட்டது.

இந்தக் காட்சியில் என் பங்கு ஒன்று உண்டு. வாத்தியார் முதலில் இருமிக்கொண்டே நடித்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். நம் ஊர்ப் படங்களில் கதாநாயகன் இருமினால் கைக்குட்டையில் ரத்தம், ரத்தம் வந்தால் இடைவேளை, அதையெல்லாம் பார்த்து வளர்ந்த கண் இது. இருமலை எடுத்துவிட்டு, கம்பளியை மோவாய் வரை இழுத்துவிட்டுக்கொள்ளச் சொன்னேன். அந்த வலது கை மட்டும் கம்பளிக்கு வெளியே. 1925, அக்டோபர் 7, அந்த வருஷத்து உலகத் தொடர் தொடங்கிய நாளிலேயே இறந்தார், வயது நாற்பத்தைந்து. டிம்மரை நான் இருபது எண்ணி இறக்கினேன், முகம் போய், கம்பளி போய், கடைசியில் கை. கல்லூரியில் நீ தூக்கில் தொங்கும் காட்சிக்கு நான் ஐந்து எண்ணுவதற்குள் இருட்டாக்கிவிட்டேன் என்று இன்றைக்கும் திட்டுவாயே, அந்தப் பாக்கியை அடைத்துவிட்டதாக வைத்துக்கொள்.

1936இல் பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த ஐந்து பேரில் உயிரோடு இல்லாதவர் இவர் ஒருவர்தான். அதை வசனமாக வைக்க வேண்டாம் என்றேன், நோட்டீசில் போட்டார்கள்.

வசந்த காலத்தில் மறுபடி போடுவதாகப் பேச்சு. அதற்குள் அந்த டக்அவுட் காட்சியை எழுதி அவர்கள் கையில் திணிக்கலாம் என்று இருக்கிறேன். ஒரே ஒரு சிக்கல். மெக்ரா, சேஸ், மேத்யூசன் மூன்று பேரும் ஒரே பெஞ்சில், மேத்யூசன் வாயைத் திறக்கக் கூடாது. ஓராள் நாடகத்தில் அந்த ஓராளும் பேசவில்லை என்றால் சனம் எவ்வளவு நேரம் தாங்கும்? நீ மேடையில் நின்றவன், சொல்லு. முழங்கால் வலி, மாத்திரை என்று சாக்குச் சொல்லாமல் யோசித்து எழுது.

நேற்று ராத்திரி முதல் உறைபனி. கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லி மூன்றாவது தடவையாகக் குரல் வருகிறது. வீட்டில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லு.

உன்
லைட்டு