காலி வேகன் திரும்பி வரணும்

அன்பு மகள் கயலுக்கு,

பிரெடரிக்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டனுக்கு நீ தினமும் போகிற ரயில் பொடோமக் கிரீக் என்ற ஓடையைத் தாண்டுகிறதே, நீ அனுப்பிய படத்தில் இருப்பது அதே ஓடையில் 1862 மே மாதம், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கட்டிய பாலம். “இது எப்படிப்பா நிக்கும்?” என்று கேட்டிருந்தாய். நின்றதம்மா. ஒரு நாளைக்குப் பத்து முதல் இருபது ரயில் அதன்மேல் ஓடியது, வெள்ளத்துக்கும் அசையவில்லை.

கட்டியவர் ஹெர்மன் ஹாப்ட், லிங்கனின் வடக்குப் படைக்கு ரயில் பாதைகளைக் கவனித்த எஞ்சினியர். நீளம் சுமார் 400 அடி, உயரம் ஏறக்குறைய 80 அடி. அடியில் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கூண்டு. அதன்மேல் மூன்று அடுக்குச் சட்டக் கால்கள். பக்கத்துக் காட்டில் வெட்டிய உருட்டுக் கட்டைதான், பட்டைகூட உரிக்கவில்லை. ஓரடிச் சதுரம், ஓரங்குலக் கனத்தை ஓர் அடி என்று அளக்கும் அவர்கள் கணக்கில் 20 லட்சம் அடிக்கு மேல் மரம். வேலை செய்தவர்கள் தச்சர்கள் அல்ல, சாதாரண சிப்பாய்கள். ஒன்பது வேலை நாளில் முடிந்தது. பார்த்துவிட்டு வந்த லிங்கன், அவரைக்கொம்பையும் சோளத்தட்டையையும் தவிர அதில் ஒன்றுமில்லை என்றாராம்.

பாரம் நேராகக் கால் வழியே இறங்கிவிடும். ஆட்டத்தைத் தாங்குவது குறுக்கே கட்டிய கொம்புகள். பச்சை மரத்தில் தொல்லை பிறகுதான்: காயக் காயச் சுருங்கும், பிணைப்பு தளரும், தண்டவாளம் ஒரு பக்கம் தாழும். ஆள் போட்டு ஆப்பு அடித்து மட்டம் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் பாலம் அவருக்குச் சின்ன வேலை என்பேன். பெரிய தலைவலி சொந்தப் பட்டாளத்தின் அதிகாரிகள். ஒற்றைப் பாதை. முகாமுக்குப் போன வேகனில் சரக்கை இறக்காமல் அதையே குடோனாக வைத்துக்கொள்வார்கள். நாலு வேகன் அப்படி நின்றால் கிளைத்தடம் அடைபடும். எதிரே வரும் ரயிலுக்கு ஒதுங்க இடமிருக்காது. பின்னால் வருவதெல்லாம் வரிசையாக நிற்கும். இன்னொரு பக்கம், தளபதி ஒருவர் தன் படையை ஏற்ற வேண்டும் என்று ஓடும் ரயிலையே பிடித்து வைத்துக்கொள்வார். கடைசியில் 1862 நவம்பரில் உத்தரவு வந்தது: எந்தப் பதவியில் இருந்தாலும் ரயில் ஓட்டத்தில் தலையிடும் அதிகாரிக்கு வேலை போகும்.

சோப்பு விஷயம் உனக்குச் சிரிப்பாக இருக்கும். எஞ்சினுக்குத் தண்ணீர் எடுக்கும் ஓடையிலேயே சிப்பாய்கள் குளித்துத் துணி துவைத்தார்கள். சோப்புத் தண்ணீர் கொதிகலனுக்குள் போனால் நுரை பொங்கும். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. நீராவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் ஏறும். தண்ணீர் அமுங்காதே, பிஸ்டன் மோதினால் சிலிண்டர் மூடி உடையும். ரயில் நடுவழியில் நிற்கும். குண்டு வேண்டாம், சவுக்காரம் போதும்!

தண்டவாளத்தை எதிரி சூடேற்றி வளைத்துப் போட்டால் நிமிர்த்திக்கொள்ளலாம். முறுக்கிவிட்டால் தண்டவாளம் உருட்டும் ஆலைக்குத்தான் அனுப்ப வேண்டும். ஹாப்டின் ஆள் ஸ்மீட், எதிரியின் தண்டவாளத்தை அப்படி முறுக்குவதற்கென்றே ஒரு கொக்கி செய்தார்.

1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டை. படைக்குச் சரக்கு இறங்க வேண்டிய வெஸ்ட்மின்ஸ்டர் ஊர் வரை போகும் பாதையில் தந்தி இல்லை, ஒதுங்கத் தடம் இல்லை, தண்ணீர்த் தொட்டியும் போதவில்லை. வழக்கமாக நாளுக்கு மூன்று நாலு ரயில்தான். ஹாப்ட் பத்துப் பத்து வேகனாக ஐந்து ரயிலை ஒரு கூட்டமாகச் சேர்த்து, எட்டு மணி நேரத்துக்கு ஒரு கூட்டம் அனுப்பினார். ஒரு கூட்டம் போய்த் திரும்பிய பிறகே அடுத்தது. நாளுக்கு 150 வேகன், 1,500 டன். எஞ்சினுக்குத் தண்ணீர் ஓடையிலிருந்து வாளியில். போன இடத்தில் உடனே இறக்கியாக வேண்டும், ஏனென்றால் திரும்பும் வேகனில்தான் காயம்பட்டவர்களை ஏற்றினார்கள்.

அம்மா நாளைக்குப் போன் செய்வாள்.

அன்புடன்,
அப்பா