ஊசி போட ஊருக்கொரு பதிவா?

ஐயா,

என் மகள் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் படித்து, இங்குள்ள நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவள். கல்யாணமாகிப் பெங்களூரு போனாள். அங்கே ஒரு மருத்துவமனை நேர்காணலில் முதல் கேள்வியே, "கர்நாடகப் பதிவு எண் இருக்கிறதா?" என்பதுதான். ஐந்து வருட ஐ.சி.யூ. அனுபவம் எல்லாம் அப்புறம்.

நர்சிங் பாடத்திட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். பதிவு மட்டும் மாநிலம் மாநிலமாக. இடம் மாறினால் பழைய கவுன்சிலில் தடையில்லாச் சான்று வாங்கி, புதிய இடத்தில் மறுபடி விண்ணப்பித்து, கட்டணமும் கட்ட வேண்டும். இதற்காகவே மகள் இரண்டு முறை ரயிலேறி வந்து போனாள். ஒருமுறை, சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தாள்.

வக்கீல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு 2011-இல் நடைமுறைக்கு வந்தது (ஐம்பது வருடம் கழித்து, அது வேறு கதை!). ஒரு மாநில பார் கவுன்சிலில் பதிந்தவர் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடலாம். ஓட்டுநர் உரிமமும் அப்படித்தான், ஓசூர் எல்லையில் காலாவதி ஆவதில்லை.

நர்சிங்குக்கும் தேசியப் பதிவேடு வேண்டும் என்று 2023-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. சரி, அது முழுமையாகக் கைக்கு வரும்வரை, தடையில்லாச் சான்றையாவது இரண்டு கவுன்சில்களும் தங்களுக்குள் ஆன்லைனில் பரிமாறிக்கொள்ளக் கூடாதா?

ஒரு நர்ஸின் அப்பா,
வேலூர்.