எல்லா இணைய நிறுவனமும் 100 எம்பிபிஎஸ் வேகம் என்றால் நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

திருச்சி மாவட்டம் துறையூரிலிருந்து எழுதுகிறேன். சென்ற வாரம் எங்கள் வீட்டு இணைய இணைப்பு மறுபடியும் அறுந்தது. சாலையோரம் பள்ளம் தோண்டிய பொக்லைன், மண்ணோடு இணையம் வரும் ஃபைபர் கேபிளையும் சேர்த்து அள்ளிவிட்டது. அது யார் குற்றமும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போதே, "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது பாருங்கள், அதற்குத்தான் இந்தக் கடிதம். சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள்.

பிடிக்கவில்லையென்றால் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாமே என்பீர்கள். மாறத்தான் விசாரித்தேன். எங்கள் தெருவுக்கு நான்கு வழிகள் உண்டு. கேபிள் டிவிக்காரர் தரும் ஃபைபர், அரசு நிறுவனத்தின் ஃபைபர் (அதையும் உள்ளூர் கூட்டாளி ஒருவர்தான் பார்த்துக்கொள்கிறார்), தனியார் பெருநிறுவனத்தின் ஃபைபர், மொட்டைமாடியில் பெட்டி மாட்டி 5ஜி அலையில் வருவது. எல்லாரும் 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட் வேகம் என்கிறார்கள். எல்லாரும் அன்லிமிடெட் என்கிறார்கள். அதில் ஒன்றின் அடியில் மட்டும் மாதம் 3,300 ஜிபி வரை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. துண்டறிக்கையில் கொட்டை எழுத்தில் இருக்கும் 499 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததும் 588 ரூபாய் 82 காசு ஆகிறது. ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் மோடம் இலவசம். போகட்டும், பணத்தையாவது கூட்டிக் கழித்துப் பார்த்துவிடலாம். இரவு எட்டு மணிக்கு எங்கள் தெருவில் எது ஓடும், எது படுத்துக்கொள்ளும் என்பதை எங்கே போய்ப் பார்ப்பது?

என் மகள் வீட்டிலிருந்தபடி, மருத்துவப் பதிவுகளைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் வேலை செய்கிறாள். கைக்குழந்தைக்காரி, சென்னையில் அறை எடுத்துத் தங்க முடியாது. அலுவலகக் கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் ஒரு நொடி அறுந்தாலும் திறந்திருந்த கோப்பு மூடிக்கொள்ளும். மறுபடி நுழையக் கடவுச்சொல், அதன்மேல் செல்பேசிக்கு வரும் ஆறிலக்க எண். அது வந்து சேர்வதற்குள் இணைப்பு இன்னொரு முறை போகும். அன்றைய இலக்கு குறைந்தால் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். அதனால் பொழுது சாய்ந்ததும் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். செல்பேசிக்கு ஓரளவு சிக்னல் கிடைப்பது அங்கேதான். கைப்பிடிச் சுவரில் செல்பேசி, முழங்காலில் மடிக்கணினி, கீழே என் மனைவியின் தோளில் பாலுக்கு அழும் குழந்தை. மாதாமாதம் கட்டணம் வாங்கிக்கொண்ட மோடம் கூடத்தில் சும்மா கிடக்கிறது.

பழுது பார்க்க வந்த தம்பி நல்ல பையன். "யூடியூப் நன்றாக ஓடுகிறதே சார்" என்றான். ஓடும். நிறையப் பேர் பார்க்கும் படங்களின் நகலை நிறுவனத்தின் சொந்த வலையமைப்புக்குள்ளேயே சேமித்து வைக்கும் ஏற்பாடு உண்டு. வேகச் சோதனை காட்டும் எண்ணும் பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் சர்வர் வரைக்கும்தான். ஊர் எல்லையைத் தாண்டி, வெளியுலகத்துக்கு நிறுவனம் எவ்வளவு பேண்ட்வித், அதாவது தரவு பாயும் கொள்ளளவு, வாங்கி வைத்திருக்கிறது, அதை எத்தனை வீட்டுக்குப் பங்கு போடுகிறது என்பதில்தான் என் மகளின் சம்பளம் இருக்கிறது. ஆயிரம் பேர் பந்திக்கு நூறு பேர் சோறு வடித்துவிட்டு, இலையின் அகலத்தைக் காட்டிப் பெருமை பேசுவதுபோல் இருக்கிறது இந்த 100 எம்பிபிஎஸ்.

இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா? உச்ச நேரத்திலும் இணைப்புப் பாதையின் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது, பழுதுகளில் 90 சதவீதத்துக்கு மேல் அடுத்த வேலை நாளுக்குள் சரிசெய்யப்பட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டிலேயே விதி போட்டவர்கள் தாங்கள்தான். 2024 ஆகஸ்டில் வந்த புதிய விதிகளில், செல்பேசி நிறுவனங்கள் எந்தப் பகுதியில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றும் சொன்னீர்கள். அதுபோன்ற ஒன்றைத்தான் வீட்டு இணைப்புக்கும் கேட்கிறேன். அஞ்சல் குறியீட்டு எண் வாரியாக, மாலை ஏழு முதல் பதினொன்று வரை உண்மையில் கிடைத்த வேகம், மாதத்தில் இணைப்பு இல்லாத மணிநேரம், பழுது நீக்க ஆன நாட்கள், வரியோடு சேர்ந்த மொத்தக் கட்டணம். எல்லாம் ஒரே பக்கத்தில், தமிழில். மாநில சராசரி எங்களுக்கு எதற்கு? அதில் சென்னை அண்ணா நகரின் வேகத்தில் துறையூர் காணாமல் போய்விடும்.

கிராமத்துக்கு, ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான பாரத்நெட் இருக்கிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைப்பதாகத் திட்டம். பெருநகரத்துக்குப் போட்டி இருக்கிறது. நடுவில் கிடக்கும் எங்களைப் போன்ற நகராட்சிக்காரர்களுக்கு என்ன இருக்கிறது? ஒரு வரையறை இருக்கிறது. 2023 ஜனவரி முதல், 2 எம்பிபிஎஸ் வந்தாலே அதற்குப் பெயர் பிராட்பேண்ட், அதாவது அதிவேக இணையம்! அந்தக் கணக்கில் நாங்கள் வசதியாகத்தான் வாழ்கிறோம். குறை இருந்தால் புகார் எண், அதன்பின் மேல்முறையீடு, அதற்கு 39 நாள். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே வழிவிட்டது. 588 ரூபாய் 82 காசுக்காக வக்கீலைப் பார்க்கத் திருச்சிக்கு பஸ் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மலிவாகத் தரச் சொல்லவில்லை, இலவசமாகவும் கேட்கவில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே, எங்கள் அஞ்சல் எண்ணுக்கு எந்த இணைப்பு மாலையில் எவ்வளவு தருகிறது என்பதை நாங்கள் பார்க்கும்படி வெளியிடச் செய்யுங்கள். புகாரை முடித்துவைக்கும் பொத்தானையும், வீட்டில் விளக்கு பச்சையான பிறகு சந்தாதாரர் சொல்லி அழுத்தும்படி ஏற்பாடு செய்தால் நன்றியுடையவனாக இருப்பேன். என் ஆறு மாதக் கட்டணம் அடுத்த மாதம் முடிகிறது. அதற்குள் பட்டியல் வருமென்று எதிர்பார்க்கும் அளவுக்கு நான் வெகுளி இல்லை. அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள்ளாவது வரட்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
துறையூர் சந்தாதாரர் ஒருவர்