பட்டம் கொடுப்பது யார் என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு நீங்கள் வெளியிட்ட உயர்கல்வி இணைப்பிதழை ஒரு பக்கம் விடாமல் வாசித்தேன். வேளாண்மை, ஜவுளித் தொழில்நுட்பம், பாராமெடிக்கல், சட்டம் எல்லாம் இருந்தன. இறையியல் என்கிற கிறிஸ்தவ சமயப் படிப்பு, மிஷனரிப் படிப்பு பற்றி ஒரு வரி இல்லை. இதை எத்தனை பேர் கேட்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பீர்கள். ஆனால் ஈரோடு, தாராபுரம், கோவை வட்டாரச் சபைகளிலிருந்து வருடா வருடம் சில பிள்ளைகள் இதற்குக் கிளம்பத்தான் செய்கிறார்கள். விவரம் சொல்ல ஆள் இல்லாததால் நோட்டீஸை நம்பிப் போகிறார்கள்.

நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் சபையின் நிர்வாகக் குழுவான சேகரக் குழுவில் இருப்பதால் மே மாதமானால் வீடு தேடி வந்துவிடுவார்கள். இந்த முறை வந்தவர் விசைத்தறி ஓட்டுகிறவர். கையில் வழவழப்பான தாளில் அச்சடித்த நோட்டீஸ். முன்பக்கம் கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்ட மாணவர்கள், அதன் கீழே 'சர்வதேச அங்கீகாரம் பெற்றது', அதற்கும் கீழே பி.டிஎச். என்ற இறையியல் இளநிலை முதல் டாக்டர் பட்டம் வரை வரிசை. "டிகிரின்னு போட்டிருக்குதுங்களே சார், அப்புறம் என்னங்க?" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கம் பார்த்தேன். கட்டண விவரம் பெரிய எழுத்தில். அதற்கடியில் பொடி எழுத்தில், இது சபை ஊழியத்துக்கான பட்டம் மட்டுமே, வேறு மேற்படிப்புக்கோ வேலைக்கோ உரிமை கோர முடியாது என்று ஒரு வரி. எங்கள் சபைத் தம்பி ஒருவர் இப்படியொரு இடத்தில் வருடக்கணக்கில் படித்துவிட்டு வந்து எம்.ஏ.வுக்கு விண்ணப்பித்தபோது, உங்கள் படிப்பு பிளஸ் டூதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நம் நாட்டில் பட்டம் கொடுக்கிற உரிமை யாருக்கு என்பதை 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தின் மூலம் ஏற்பட்ட பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம், அவ்வளவுதான். அப்படியானால் வங்காளத்துச் செராம்பூர் கல்லூரி இறையியல் பட்டம் கொடுப்பது எப்படி என்று கேட்பார்கள். அது சுவையான கதை. மிஷனரி வில்லியம் கேரியும் கூட்டாளிகளும் 1818-ல் அந்தக் கல்லூரியைத் தொடங்கியபோது, கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையிலிருந்த அந்த ஊர் டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. 1827-ல் டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடரிக் பட்டம் வழங்கும் உரிமையோடு சாசனம் கொடுத்தார். 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றபோதும் அந்த உரிமை போகவில்லை. 1918-ல் வங்காளச் சட்டமன்றம் சட்டமே போட்டது. இன்றைக்கும் பல இறையியல் கல்லூரிகள் பி.டி. (B.D.) என்ற இறையியல் இளநிலை, எம்.டிஎச். என்ற முதுநிலைப் பட்டங்களைச் செராம்பூரின் கல்விக் குழுவான செனட் வழியாகத்தான் கொடுக்கின்றன. மதுரை அரசரடியில் 1969-ல் ஏற்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை கீழ்ப்பாக்கத்தின் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, 1910-ல் தொடங்கிய பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி எல்லாம் இதில் வரும். சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையில் ஆயராக, அதாவது சபைப் போதகராக வேண்டுமானால் பொதுவாக இந்த பி.டி.யைத்தான் கேட்பார்கள், அதுவும் அந்த வட்டாரச் சபைகளின் நிர்வாகமான திருமண்டலத்தின் பரிந்துரையோடு. ஆனாலும் பிறகு பல்கலைக்கழகத்தில் மேலே படிக்கிற எண்ணம் இருந்தால், ஏற்றுக்கொள்வார்களா என்று அந்தப் பல்கலைக்கழகத்திடமே முன்கூட்டி எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

ஆசிய இறையியல் சங்கம், சுருக்கமாக ஏ.டி.ஏ., கொடுக்கிற அங்கீகாரம் வேறு. சபை வட்டாரத்திலும் மற்ற செமினரிகளிலும், அதாவது இறையியல் கல்லூரிகளிலும், அதற்கு மதிப்பு உண்டு. அது அரசு அங்கீகாரம் ஆகாது. எந்தத் திருச்சபையையும் சேராத சுயாதீன சபையில் ஊழியம் செய்யப் போகிறவருக்கு அதுவே போதும். தெரிந்து சேர்ந்தால் சரி. செனட் தன் இணைப்புக் கல்லூரிகளின் பட்டியலை வெளியிடுகிறது. மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிடுகிறது. இரண்டையும் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

பட்டம் ஒரு பக்கம். மிஷனரிப் படிப்புக்கென்று போகிறவர் அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்றும் பார்க்க வேண்டாமா? மிஷனரி என்றால் எங்கள் பக்கம் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும்தான் நினைவுக்கு வரும். 1830-லேயே லண்டன் மிஷனின் ஆடிஸ் கோவைக்கு வந்துவிட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரப் துரையின் பெயரை ஈரோட்டுக்காரர்கள் இன்னும் விடவில்லை. மீனாட்சி சுந்தரனார் சாலை என்று பலகை வைத்த பிறகும் பலருக்கு அது பிரப் ரோடுதான். இன்று அந்த வேலையைப் பாடமாகப் படிக்கிறவருக்கு மானிடவியல், மொழியியல், மற்ற சமயங்கள், மிஷன் வரலாறு எல்லாம் வேண்டும். சத்தியமங்கலத்துக்கு மேலே ஏறினால் சோளகர், ஊராளி, இருளர் என்று ஒவ்வொருவர் பேச்சும் ஒரு மாதிரி. காது கொடுத்துக் கேட்கத் தெரியாதவனை அங்கே அனுப்பி என்ன பயன்?

அதனால் பெற்றோரிடம், கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள் என்பேன். முதல்வர் அறையில் உட்காராமல், சாப்பாட்டு நேரத்தில் கடைசி வருட மாணவனைப் பிடித்து, சனி ஞாயிறு எங்கே போகிறாய் தம்பி என்று கேளுங்கள். துண்டுப் பிரசுரப் பையோடு பஸ் நிலையத்தில் இறக்கிவிடுகிற கல்லூரியும் உண்டு. மதுரைக் கல்லூரியில் மாணவர்களை வளாகத்துக்கு வெளியே, ஏழை மக்கள் நடுவில் குடியிருக்க வைத்தே பாடம் நடத்திய வழக்கம் உண்டு. எங்கள் கொங்குப் பக்கத்து அண்ணமார் கோயிலில் உடுக்கை அடித்துக் கதை சொல்லும் பாட்டைக் கேலி செய்யச் சொல்லித் தருகிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். அதை உட்கார்ந்து கேட்டுப் புரிந்துகொள்ளச் சொல்கிற வாத்தியார் இருக்கிற இடம்தான் வேண்டும். நூலகத்தையும் ஒரு பார்வை பாருங்கள். புத்தகங்களில் தூசு படிந்திருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு இன்னொன்று. கிரேக்கமும் எபிரேயமும் ஆங்கிலம் வழியாகப் படிப்பது எல்லோருக்கும் எளிதில்லை. மதுரையில் தமிழிலேயே இறையியல் படிக்கலாம் என்பது எங்கள் ஊர்ப் பக்கம் பல பேருக்குத் தெரிவதில்லை. பெண் பிள்ளைகளும் தாராளமாகப் போகலாம், சி.எஸ்.ஐ.யில் பெண் ஆயர்கள் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், பதினேழு வயதில் நேராகச் செமினரிக்கு ஓட வேண்டாம். பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியில் ஒரு பி.ஏ. முடிக்கட்டும். அழைப்பு உண்மையானால் மூன்று வருடத்தில் ஓடிப்போய்விடாது. அப்புறம் பி.டி. போகலாம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவ இயல் துறையில் எம்.ஏ.வும் சேரலாம். வேலையை விட முடியாதவர்களுக்குச் செராம்பூரின் பி.சி.எஸ். என்ற கிறிஸ்தவ இயல் இளநிலைப் பட்டம் அஞ்சல் வழியிலேயே இருக்கிறது.

அடுத்த இணைப்பிதழில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். எந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் பட்டம் தருகிறது என்று ஒரு அட்டவணை போட்டாலே போதும். அதே பக்கத்தில் அந்த நோட்டீஸ்காரர்களின் விளம்பரம் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தாராபுரம்.