படி எண்ணிப் பாத்தேன் மாப்ள

அன்புள்ள மாப்ளைக்கு,

நல்லாருக்கியா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா, பேத்திக்கு முடி எறக்கியாச்சா. இங்க எனக்கு முட்டி மட்டும்தான் தகராறு, மத்தபடி ஒண்ணும் கொறையில்ல. வாட்ஸ்அப்ல சொன்னா நீ ஒரு கட்டவிரலப் போட்டுட்டு போயிருவ, அதான் நீளமா எழுதுறேன், பொறுமையா படி.

அப்பா ஸ்டூடியோவ மூடுனப்ப பரண்ல ஏத்துன தகரப்பெட்டி ஞாபகம் இருக்கா? போன மாசம் எறக்குனேன். பாதி நெகட்டிவ் பூஞ்சை புடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு, தேறுனத தம்பி மகன் ஸ்கேன் பண்ணிக் குடுத்தான். அதுல ஒங்க வீட்டு வாசல் ஒண்ணு இருக்குடா. ஒங்க அப்பத்தா திண்ணையில தூண ஒட்டி ஒக்காந்துருக்காக, பாம்படம் தோளத் தொடுது, கீழ வாசல்ல பெருசா கோலம், கோலத்துக்கு குறுக்க ஒரு சைக்கிள் டயர் தடம். அது என் சைக்கிளா இருக்குமோன்னு எனக்கு ஒரு பயம், அன்னைக்கு யார திட்டுனாகளோ தெரியல.

எந்த வருசம்னு கண்டுபிடிக்க ரெண்டு நாளாச்சு. ஓரத்துல ஒரு கடை போர்டுல செக்காலைன்னு இருக்கு, நம்ம காரைக்குடி செக்காலைதான், அந்த லை யானைத் துதிக்கை மாதிரி சுழிச்சு எழுதுற பழைய லை. பெரியார் கொண்டாந்த புது எழுத்த கவர்மென்ட் எடுத்துக்கிட்டது 1978ல, அப்ப அதுக்கு முந்துன படம்னு சந்தோசமா முடிவு கட்டிட்டேன், அப்புறம்தான் ஒறைச்சது, நம்ம ஊரு பெயின்டருங்க அதுக்கப்புறமும் ரொம்ப நாளு துதிக்கையத்தானே போட்டாங்க! கீழ இராமநாதபுரம் மாவட்டம்னு இருக்கு, நம்ம சிவகங்கை ஜில்லா அதுலேர்ந்து பிரிஞ்சது 1985ல, ஆக போர்டு எழுதுனது அதுக்கு முன்னாடி, படம் எடுத்தது எப்பன்னு போர்டு சொல்லாது. அப்பத்தா எந்த வருசம் தவறுனாகன்னு நீதான் சொல்லணும்.

சரி அதே எடத்துல நின்னு இப்ப ஒண்ணு எடுப்போம்னு போனை எடுத்துக்கிட்டு போனேன். சும்மா எடுத்தா தூணெல்லாம் விரிஞ்சு, வீடு தள்ளிப்போன மாதிரி தெரியுது. அப்பா எடுத்தது 120 ரோல் கேமரா, அதுல 80 எம்எம் லென்ஸ், போன்ல 2எக்ஸ் ஜூம் வச்சாத்தான் கிட்டத்தட்ட அந்தப் பார்வை வருது. மொகப்பு மேல இருக்க லெச்சுமி சுதைய அடையாளம் வச்சு, பழைய படத்த ஒரு கையில புடிச்சுக்கிட்டு பின்னாடியே நடந்து நடந்து, கடைசியில நடு ரோட்ல நிக்கிறேன், ஆட்டோக்காரன் பெரிசு சாகவான்னு கேக்குறான். என்னா செஞ்சும் பொருந்தல மாப்ள. லெச்சுமி பொருந்துனா வாசப்படி பொருந்தல, வாசப்படி பொருந்துனா லெச்சுமி மேல போயிருது. வீட்டுக்கு வந்து ரெண்டையும் பெருசு பண்ணிப் பாத்தா அப்பதான் தெரிஞ்சுச்சு, பழசுல தெருவுலேர்ந்து திண்ணைக்கு ஆறு படி. இப்ப ரெண்டு. மூணாவதுல கொஞ்சம் மொனை தெரியுது, அதையும் சேத்தா ரெண்டரைன்னு வச்சுக்க.

வீடு அங்கதான் இருக்கு. ரோடுதான் ஏறிருச்சு. பழைய தார சொரண்டாம அது மேலயே ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு போட்டுக்கிட்டே வந்துருக்காங்க. 2021ல சொரண்டிட்டுத்தான் போடணும்னு ஆர்டரே வந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடி ஏறுனது ஏறுனதுதான. நெனச்சுப் பாரு, நம்ம ஊரு வீட்ட ஏன் அம்புட்டு ஒசரமா கட்டுனாக? நடு முத்தத்து வளவுல விழுகுற மழைத்தண்ணி வெளிய போகணும், கிடாரம்ங்குற பெரிய அண்டாவுல புடிச்சது போக மிச்சம் வாய்க்கா வழியா ஊரணிக்கு போகணும், அந்த வாட்டம் பாத்து கட்டுன வீடு. இப்ப வாட்டம் தலைகீழ். போன ஐப்பசி மழைக்கு தெருத் தண்ணி ஒங்க மொகப்புக்குள்ள வந்து ரெண்டு நாளு நின்னுச்சு, ஆத்தங்குடி கல்லுல இன்னும் வெள்ளையா உப்பு பூத்துக் கெடக்கு, வாட்ச்மேன் தொடைக்கத் தொடைக்க திரும்ப பூக்குது.

எதுத்த வீடு இல்ல. ஒன்கிட்ட போன்ல சொல்ல மனசு வரல. பதினோரு புள்ளில, அதான் பங்குக் குடும்பத்துல, பத்து பேரு கையெழுத்து போட்டு ஒருத்தருக்காக எட்டு வருசம் காத்துக் கெடந்து, அதுக்குள்ள மழையில ரெண்டாங்கட்டு சரிஞ்சு, பெறகு எல்லாரும் போட்டுட்டாக. பர்மா தேக்குத் தூண் மொதல்ல போச்சு. கதவு நெலையோட முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு பழைய சாமான் கடையில சாத்தி வச்சுருந்தத நான் பாத்தேன், வெலை கேக்கல. சொவரு இடிக்க வந்த பசங்க, என்னாய்யா இது கல்லா கண்ணாடியான்னு கேட்டாங்க, சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் வச்சு தேச்ச பூச்சு, கடப்பாரை வழுக்குதாம். இப்ப அந்த எடத்துல செல்போன் கடை, மேல ரெண்டு மாடி.

இதுக்காக பழசெல்லாம் சொர்க்கம்னு நான் பாட ஆரம்பிச்சுட்டேன்னு நெனச்சுராத. பெட்டியில நூத்துக்கு மேல படம் இருக்கு, வளவு, மொகப்பு, கல்யாணம், அறுபதாங்கல்யாணச் சாந்தி, எல்லாம் இருக்கு. பின் சந்து ஒண்ணுல கூட இல்ல. வீடு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும்ல, அந்தக் கடைசி வாசல் வழியா காலையில வாளியோட ஒரு அம்மா வந்து போவாங்களே, அவுகள யாரும் படம் எடுக்கச் சொல்லல, எங்கப்பாவும் எடுக்கல. எங்கப்பாவே மொகப்பத் தாண்டுனது கல்யாணத்தன்னைக்கு மட்டுந்தான், அது ஒனக்கும் தெரியும். இப்ப அந்த சந்துல ஒரு டியூஷன் சென்டர், சாயங்காலம் சைக்கிள் நிறுத்த எடமில்ல. அதையும் ஒண்ணு எடுத்துருக்கேன், ஆனா பக்கத்துல வைக்க பழசு கெடையாது.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லிர்றேன். ஸ்டேஷன் படத்துல மீட்டர் கேஜ் தண்டவாளம், ராமேஸ்வரம் போற வண்டி, கரி பொகை. இப்ப கம்பி, கரண்டு. ஊரணி படத்துல கொடத்தோட பொம்பளைக எறங்குறாக, இப்ப கம்பி வேலி, நடைபாதை, காலையில நானே அங்கதான் நடக்குறேன். 1928லேர்ந்து முனிசிபாலிட்டியா இருந்த ஊரு 2024ல கார்ப்பரேஷன் ஆயிருச்சு. 2014லயே நம்ம செட்டிநாட்டு ஊருகள யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல சேத்தாச்சு, கானாடுகாத்தான் பக்கம் வீடெல்லாம் ஹோட்டலாகி வெள்ளக்காரங்க வளவுல ஒக்காந்து பணியாரம் சாப்புடுறாங்க. ஒங்க வீட்டையும் ஒருத்தரு கேட்டு வந்தாரு, புள்ளி எத்தனைன்னு கேட்டாரு, சொன்னேன், டீ குடிச்சுட்டு போயிட்டாரு.

இப்ப விசயத்துக்கு வாரேன். அடுத்த மழைக்குள்ள வாசல மறிச்சு ஒரு முழம் ஒசரத்துக்கு செங்கல் கட்டி பூசிரலாம்னு கொத்தனார் சொல்றாரு. கட்டுனா தண்ணி உள்ள வராது, ஆனா அந்த ரெண்டரை படியும் அதுக்குள்ள போயிரும். அவர நாலு நாளு நிறுத்தி வச்சுருக்கேன். படத்த இதோட அனுப்புறேன், அப்பத்தா காலுக்கு கீழ எண்ணிப் பாத்துட்டு, கட்டவா வேண்டாமான்னு ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
ஒன் ஸ்டூடியோக்காரன்